மூலப்பொருள்கள்

எங்கள் ஊருக்கும் ஒரு தலபுராணம் உண்டு.
ஜொசையா பென்ரடாக் வண்டி பூட்டி வந்தார்.
இந்த ஆற்று வளைவில் எருது படுத்துக்கொண்டது,
அடித்தும் எழவில்லை.
'இங்கேதான்' என்றார்.
ஊர் உண்டாயிற்று.

நகர மன்றத்துக்கு எதிரே
வெண்கலத்தில் படுத்திருக்கிறது அந்த எருது.
பள்ளிப் பிள்ளைகள் பிடித்துப் பிடித்து
கொம்பு மட்டும் பொன்னாக மின்னுகிறது.
பீடத்தில் எழுதியிருக்கிறது:
ஆளில்லாத இடத்தில் ஒரு மனிதர் நின்றார்.

ஆளில்லாத இடத்தில்
ஆற்றுக்குக் குறுக்கே மீன் மறிக்கும் கல்வரிசையை
அடுக்கியது யாரென்று
எருதைத்தான் கேட்க வேண்டும்.

நான் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருக்கிறேன்.
விடிகாலை மூன்று மணிக்கு என் அடுப்பு எரியும்.
போன மாதம் மேயர் லின்டன் காக்ஸ்வெல் நேரில் வந்தார்.
நூற்றெழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குக் கேக் வேண்டுமாம்,
முந்நூறு பேருக்கு,
முதல் குடிசையின் வடிவத்தில்,
வாசலில் எருது, பாதாம் விழுதில்.
'நம்ம ஊர்ப் பெண் செய்தால்தான் பொருத்தம்' என்றார்.
முன்பணம் தந்தார். நல்ல மனிதர்.
கடைக்குள் புகுந்த தேனீயைக்கூட
தொப்பியில் பிடித்து வெளியே விட்டுப் போனார்.

குடிசையை அளவெடுக்க அருங்காட்சியகம் போனேன்.
படம் இருக்கும் அறையிலேயே
பென்ரடாக்கின் கணக்குப் புத்தகமும் கண்ணாடிக்குள் இருக்கிறது,
கையெழுத்து அழகாக விழுந்த பக்கமாகத் திறந்து.

மாவு, நான்கு மூட்டை.
அதில் இரண்டு கறுப்பர்களுக்கு, அன்பளிப்பு.
ஆர்செனிக், ஆடு குளிப்பாட்ட, மூன்று பவுண்டு.

அது மார்ச் மாதம்.
ஆடுகள் வந்தது நவம்பரில்.
அதுவும் அதே அழகான கையெழுத்தில்
சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது.
நகல் கேட்டால் தருவார்கள்.
யாரும் கேட்பதில்லை.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் ஒரு வகை.
ஊட்டிச் செய்வது இன்னொரு வகை.

அன்றிரவு ஆற்றங்கரையில்
எல்லோரும் சாம்பலில் ரொட்டி சுட்டார்கள்.
ஒரு சிறுமிக்கு மட்டும் பல்வலி.
கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதவள்
சாப்பிடாமலே தூங்கிவிட்டாள்.
விடிந்ததும் எழுந்தது அவள் ஒருத்திதான்.
பண்ணையில் பாத்திரம் தேய்த்து வளர்ந்தாள்.
பதிவேட்டில் எழுத ஒரு பெயர் வேண்டியிருந்தது,
முதலாளியின் பெயரையே எழுதிவிட்டார்கள்.
நிலத்தில் ஒரு சாண் தராதவர்
பெயரை முழுதாகத் தந்தார்.

அவர்கள் ஊர் ஓர் எருது படுத்ததால் வந்தது.
என் குலம் ஒரு சொத்தைப் பல்லால்.

கேக்குக்கு இரண்டு நாள் ஆயிற்று.
சலித்த மாவையே மறுபடி சலித்தேன்,
மூன்றாம் முறையும்.
ஏனென்று கேட்டால் கைக்குத் தெரியாது.

விழாவன்று பேண்டு வாத்தியம், கொடி, மண்டையைப் பிளக்கும் வெயில்.
என்னென்ன சேர்த்தது என்று
கேக்கின் பக்கத்தில் ஒரு சீட்டு வைப்பது சட்டம்.
வைத்தேன்.
மேயர் அதை எடுத்து ஒலிபெருக்கியில் படித்தார், சிரித்தபடி:
'கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பாதாம்.
வேறெதுவும் கலக்கப்படவில்லை.
செய்தவர் லெனோரா பென்ரடாக்.'

பெயருக்கு வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது.
அருங்காட்சியகத்து ஹெஸ்டர் தன் தட்டையே பார்த்தாள்.
யாரோ இருமினார்கள்.
முந்நூறு பேரும்
கரண்டிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றார்கள்,
ஒரு மூச்சு நேரம் இருக்கும்.
அந்த ஒரு மூச்சு அன்று ஆற்றங்கரையில்
யாருக்கும் வாய்க்கவில்லை.

'எனக்குக் கூரை வேணும்' என்றான்
முன்பல் விழுந்த ஒரு பையன்.
பெரிதாகவே வெட்டிக் கொடுத்தேன்.
பிறகு எல்லோரும் தின்றார்கள்,
சுவர், கதவு, புகைபோக்கி.

எருதை வெட்ட மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.
வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.
காலையில் எறும்பு மொய்த்திருந்தது,
கொம்பிலிருந்து வால் வரை.
அடுப்புப் பற்றவைக்கப் போகாமல்
நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஒன்றுகூடச் சாகவில்லை.